‘அக்கா எங்க?’ என்று கேட்டவர்கள்

போனில் எங்கள் கடைக்கென்று இருந்த பக்கத்தில் முதன்முதலாக ஓடிய வீடியோவில் என் முகமே கிடையாது. என் குரல் மட்டும்தான்.

மண்ணூர்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கடை. மிக்சி, கிரைண்டர், குக்கர் எல்லாம் விற்போம், ரிப்பேரும் செய்வோம். அதற்கு முன் என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியை மூடியதும் தெரிந்த வேலையை வைத்துக் கடை போட்டோம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஓசூருக்குப் போகவிருந்த சமயம். போவதற்கு முன் அவள்தான் அந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தாள். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா, தெரிஞ்சத சொல்லு, நான் எடுக்கறேன்” என்றாள்.

அவர் தலையைச் சீவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே மிக்சி திடீரென்று நின்றுபோனால் பயப்பட வேண்டாம், அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் மறுபடியும் ஓடும் என்று காட்டினார்.

“நெறைய பேரு இத்த ரிப்பேர்னு தூக்கினு வர்றாங்க. ரிப்பேரே இல்ல. ஊட்டுலயே அமுக்கிக்கலாம்.”

நான் கல்லா அருகில் குக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“யோவ், அத்த நீ சொல்லிட்டா அப்பால கடைக்கு யாருய்யா வருவா?”

அவர் கேமராவை மறந்து என் பக்கம் திரும்பினார். “வராட்டி போகட்டுமே. சொம்மா கீற மிக்சிய ரிப்பேர்னு சொல்லி காசு வாங்கச் சொல்றியா நீ?”

“நான் எப்போ வாங்கச் சொன்னேன்? வாய மூடிக்கினு இருன்னு சொன்னேன்.”

மகள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அந்த ஆட்டத்தோடேயே ஏற்றிவிட்டாள். ஊரே பார்த்தது. எங்கெங்கிருந்தோ கமெண்ட் வந்தது. ‘எங்க வீட்லயும் இதே சண்டைதான்’ என்று ஒருவர் எழுதினார். ‘அக்கா சொல்றதுதான் கரெக்ட்’ என்று இன்னொருவர். ஆவடியிலிருந்து ஒரு அம்மா, நின்றுபோகாத மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “யோவ் அக்கா நீதானே? சொம்மா பாக்க வந்தேன்” என்றார். போகும்போது குக்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

மகள் போன பிறகு போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வாங்கினோம். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எடுப்போம். இவர் எதையாவது சொல்வார், நான் நடுவில் பூந்து எதிர்ப்பேன். இதில் நடிப்பு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான். கிரைண்டர் கல்லை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவர் பாடம் எடுத்தால், “ஒருநாள் மாவு வழிச்சிருக்கியா நீ?” என்பேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

அந்த நாட்களில் நான் களைப்பு என்ற ஒன்றை நினைத்துப் பார்த்ததில்லை. காலையில் திருமுல்லைவாயிலில் வீட்டு வேலையை முடித்து, இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு, வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து கடைக்கு வருவேன். வழியெல்லாம் இன்றைக்கு எதைப் பற்றிப் பேசலாம் என்று அவர் கேட்பார். சிக்னலில் நிற்கும்போதே எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு நசரத்பேட்டையில் என் மூத்தார் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது.

மூத்தார் என் கணவரின் ஒரே அண்ணன். அவர்கள் பூர்வீகம் அந்த ஊர்தான். நிலமெல்லாம் மனையாகிப்போன பிறகு அவர் தண்ணீர் லாரி விட்டுக்கொண்டிருந்தார். ஊரில் பெரிய மனுஷர். மண்டபத்தில் பந்தியில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது எதிர் வரிசையில் இருந்த அவர் போனை எடுத்து எங்கள் வீடியோ ஒன்றை ஓடவிட்டார். சத்தத்தை முழுவதும் ஏற்றிவிட்டார்.

“டேய், இத்த பாருடா” என்றார் தம்பியைப் பார்த்து. “உன் ஊட்டுக்காரி உன்ன யோவ்ன்றா. நீ ஈன்னு இளிச்சிக்கினு நிக்கற. நம்ப அப்பன் தெருவுல வந்தா எதுருல எவனும் நிக்க மாட்டான், தெரியுமில்ல?”

பந்தி சிரித்தது. போன் கை மாறிக் கை மாறிப் போனது. என் கணவரும் சிரித்தார். நான் இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாம்பார் ஊற்றின சோறா ரசம் ஊற்றின சோறா என்றே எனக்குத் தெரியவில்லை. “சொம்மா கிண்டலுக்கும்மா, தப்பா எடுத்துக்காத” என்று மூத்தார் என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னார். “பரவால்ல மாமா” என்றேன். எழுந்து கை கழுவப் போனேன்.

திரும்பி வரும்போது பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோடு பிடிக்கும்வரை அவர் பேசவில்லை. அவருக்குக் களைப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் ஸ்டாண்டை அவரே நிறுத்தினார். என்னிடம், “நீ இன்னிக்கி கஷ்டமர பாத்துக்க, நான் பேசிக்கறேன்” என்றார். “வணக்கம் நண்பர்களே” என்று தொடங்கினார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் வணக்கம் சொன்னதில்லை. குக்கர் கேஸ்கட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தார். நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு வாய்வரை பேச்சு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எல்லா வீடியோவும் அப்படியே ஆயின. ‘அக்கா எங்க?’ என்று கேட்டு எழுதினார்கள். ‘அண்ணா, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?’ ‘ரெண்டு பேரும் சண்டையா?’ பதில் போடுவது என் வேலை. ‘நலம், நன்றி’ என்று போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஏற்றிய கையோடு போன் துடித்துக்கொண்டே இருக்கும். இப்போது ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஓசூரிலிருந்து மகள் போட்ட ஒரு சிவப்பு இதயம் இருக்கும்.

வீடியோவோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அவர் அப்படியே ஆனார். குழம்பில் உப்பு அதிகம் என்றால் முன்பு, “இன்னாமே, சமுத்திரத்தையே கொட்டிட்டியா?” என்பார். இப்போது மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். கேட்டதற்குப் பதில் வரும். ‘சரி’, ‘ஆவட்டும்’, ‘உன் இஷ்டம்’. கோபம் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தியதில்லை. ஒரு வாடகைக்காரரைப்போல மரியாதையாக நடமாடிக்கொண்டிருந்தார். அண்ணன் பேசியதில் ரோஷம் வந்துவிட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறார் என எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அவர் நினைப்பது நியாயமில்லை என்று சொல்லத் தோன்றும். யாரிடம் சொல்வது? எதிர்த்துப் பேச ஆள் இருந்தால்தானே.

அந்த மாதங்களில்தான் எனக்குக் களைப்பு வந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. அடுப்பு வேலை, கடை வேலை, அதற்குமேல் இந்தப் பக்கத்துக்குத் தீனி போடும் வேலை. பக்கம் என்பது இன்னொரு அடுப்பு. தினமும் பற்றவைக்க வேண்டும். ஒருநாள் விட்டால் அணைந்துபோகும் என்று எல்லாரும் சொன்னார்கள். கடைக்கு வருகிறவர்களும் குறைந்துபோயிருந்தார்கள். வந்தவர்களும் விலையைக் கேட்டுப் போனில் வேறெங்கோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்பத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இந்த வேலைக்கென்றே ஒரு பெண் ஆபீஸ் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். மரியாதையாக உட்காரவைத்து எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

“மேம், உங்க பேஜ்ல என்கேஜ்மெண்டே இல்ல” என்றாள்.

என்கேஜ்மெண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது தட்டு மாற்றும் நிச்சயதார்த்தம்தான். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, “அதாவது, வர்றவங்க சும்மா வந்துட்டுப் போறாங்க. உங்ககிட்ட பேச மாட்டேங்கறாங்க” என்று விளக்கினாள். அதைக் கேட்டதும் என் வீட்டு நினைப்பு வந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். காலையில் பூப்போட்டு ‘இனிய நாள்’ போட்டேன். எல்லாப் பண்டிகைக்கும் வாழ்த்துப் போட்டேன். அப்போது எல்லாரும் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டுக்குக் குக்கர் மூடிகளை வரிசையாகத் திறந்து மூடினேன். அதை எடுத்து முடிப்பதற்குள் முட்டி வலி கண்டுவிட்டது. கமெண்டில் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் குலுக்கலில் ஒருவருக்கு மிக்சி ஜார் இலவசம் என்று அறிவித்தேன். கூட்டம் வந்தது. பரிசு விழுந்தது திருநெல்வேலியில் ஒரு கல்லூரிப் பையனுக்கு. ‘ஜார் வேணாம் மேடம், ஹாஸ்டல்ல மிக்சி இல்ல, வேற ஏதாவது குடுப்பீங்களா?’ என்று எழுதியிருந்தான். குலுக்கல் முடிந்த மறுநாளே வந்த கூட்டம் போன இடம் தெரியவில்லை.

மறுபடி மாடி ஏறினேன். அந்தப் பெண் இந்தத் தடவை பக்கத்தின் அடிவரை தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். சிவப்புப் பட்டன் வீடியோ.

“மேம், இதை ஏன் நிறுத்தினீங்க? நீங்களும் சாரும் சண்டை போடறதுதான் ஓடியிருக்கு. இதையே போடுங்க. சண்டைய நான் எழுதித் தர்றேன்.”

எழுதியும் கொடுத்தாள். ‘அக்கா: யோவ்! அண்ணா: என்னமே! அக்கா: (முறைக்கிறார்)’ என்று தாளில் அழகாக அச்சடித்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி நெரிசலில் பேருந்துக்கு நின்றபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

அவரிடம் கொடுத்தேன். ஒரு கிரைண்டரைப் பிரித்து வைத்திருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முழுவதையும் படித்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“கட ஓடணும்னா செஞ்சிதானே ஆவணும்” என்றார். “எப்ப எடுக்கணும்?”

மதியம் எடுத்தோம். அவர் தன் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். என் முறை. ‘யோவ்’ என்ற சொல் வரவில்லை. முப்பது வருஷமாக யோசிக்காமல் கூப்பிட்ட சொல். தாளில் இருக்கிறது, கண்ணெதிரில் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை.

“கூப்புடு” என்றார் அவர் மெதுவாக. “எழுதிக்கீது பாரு.”

ஒருவழியாகக் கூப்பிட்டேன். ஏற்றினோம். கமெண்ட் கொஞ்சம் வந்தது. ‘நடிப்பு’ என்று ஒருவர் ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார். ‘அக்கா ஏன் இப்படி இளைச்சுட்டீங்க’ என்று யாரோ ஒரு பெண் கேட்டிருந்தாள். அதற்கு ‘நலம், நன்றி’ என்று போடக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

எழுதிக் கொடுத்ததில் இரண்டாவதும் ஒன்று இருந்தது. கிரைண்டர் பற்றியது. சில நாள் கழித்து அதையும் எடுக்க நின்றோம். அவர் கல்லைத் தூக்கிக் காட்டி, மாவு வழித்த உடனே கழுவிவிட வேண்டும், காயவிட்டால் போகாது என்றார். நான், ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்க வேண்டும். அதுதான் தாளில் இருந்தது.

“ஏன்யா எங்கிட்ட பேச மாட்டேங்கற?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். அந்த வரி அதில் இல்லை.

“இன்னாமே கேக்கற நீ?”

“கேமரா முன்னால எழுதிக் குடுத்தா பேசற. ஊட்டுல ஒரு வார்த்த இல்ல. நான் இன்னா பண்ணேன்? உங்க அண்ணாத்த சிரிச்சாரு, ஊரு சிரிச்சிது, நீயும்தான் சிரிச்ச. நான் அங்கதானே குந்திக்கினு இருந்தேன்? ஏண்டி உனக்கு எப்பிடி கீதுன்னு கேட்டியா? என்னால உனக்கு மானம் போச்சுன்னா நேரா சொல்லேன். இப்பிடி வாய கட்டிக்கினு எத்தினி நாள் கொல்லுவ?”

கல் அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“எனக்கு ரோஷம்னா நெனச்சிக்கினு கீற?” என்றார். “கொஞ்சம் இருந்துது. இல்லன்னு சொல்லல. ஆனா அது அன்னிக்கே போச்சு. நீ கை கழுவப் போனியே, அப்ப அண்ணி சொன்னாங்க. பொண்ண கட்டிக் குடுத்துட்டு இந்த வயசுல மூஞ்சியக் காட்டி கடைக்கி ஆள இட்டுக்கினு வர்றாளே, இவ இன்னா பொம்பளன்னாங்க. அத்தினி பேர் கேட்டாங்க. நானும் கேட்டுக்கினு குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல மே நான். பாயசம் ஊத்தினாங்க, குடிச்சேன்.”

நான் தாளை எடுத்து நான்காக மடித்தேன்.

“அப்பால உன்ன அந்த போன் முன்னால நிறுத்த எனக்கு மனசு வரல. உங்கிட்ட பேச வந்தா அதான் நெனப்பு வருது. இன்னான்னு பேசறது?”

“அத்த அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாய்யா?”

“சொன்னா உனக்கு வலிக்கும்ல.”

“இத்தினி நாளு வலிக்கலியா?”

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கட்டைப்பையில் குக்கரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. “அண்ணா, கேஸ்கட் ஒண்ணு வேணும்… நான் அப்பால வரட்டா?” என்றாள். அவர் அப்போதுதான் கல்லைக் கீழே வைத்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் ஸ்டாண்டில் போன் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானச் சோற்றை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பொரியலைப் பார்த்து, “காரம் இல்ல” என்றார். “நாளைக்கி நீ செய்” என்றேன். அவ்வளவுதான். ஆனால் நான் அந்தச் சோற்றின் ருசியை உணர்ந்து சாப்பிட்டேன்.

மாடிப் பெண்ணிடம் இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்து எதை எடுத்தீர்கள் என்று போனில் கேட்டபோது நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் குரலே மாறிவிட்டது.

“மேம், ப்ளீஸ், அதை அப்படியே போடுங்க. எதையும் வெட்டாதீங்க. எல்லாரும் அழுவாங்க. உங்க பேஜ் திரும்பி எழுந்துரும்.”

அவள் சொன்னது பொய்யில்லை. எழுந்திருக்கும். நான் அந்த வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் முகம் எனக்கே புதிதாக இருந்தது. ஊர் அழும், ஊர் இதயம் போடும், மூத்தார் மனைவியையும் ஊர் திட்டித் தீர்க்கும். பிறகு அடுத்தது எங்கே என்று கேட்கும். அடுத்ததற்கு நாங்கள் எதை எடுத்துப் போடுவது?

அவரிடம் கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார். இத்தனை மாதமாகச் சொன்ன ‘உன் இஷ்டம்’ இல்லை இது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அழித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து நன்றி சொல்லி, இனி வரவில்லை என்றேன். அவளுக்கு வருத்தம். நல்ல பெண்தான், அவள் வேலை அது.

பக்கத்தை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூடுவதற்கு முன்னால் பழைய கமெண்டுகளைப் படிக்க உட்கார்ந்தேன். ‘சூப்பர்’, ‘அருமை’ என்பவற்றுக்கு நடுவே நிறையப் பேர் ஏதோ கேட்டிருந்தார்கள். ஜார் அடியில் ஒழுகுகிறது, என்ன செய்வது? குக்கரில் விசில் வராமல் ஆவி மட்டும் போகிறதே? மாமியார் காலத்துக் கிரைண்டர், கல் கொத்துவீர்களா? எதற்கும் நாங்கள் பதில் சொன்னதில்லை. ஓடிய காலத்தில் நேரமில்லை. ஓடாத காலத்தில் மனமில்லை. நான் ‘நன்றி’ போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

“இந்த அம்மா ஜாரு ஒழுகுதுன்னு எப்பவோ கேட்டுகீறாங்க” என்று அவரிடம் காட்டினேன்.

“ஜாருக்கு அடியில கீற புஷ்ஷு தேஞ்சிருக்கும். மாத்திட்டா செரியாப் பூடும்.”

“அத்த அவங்ககிட்ட சொல்லு.”

ஒவ்வொன்றாக எடுத்தோம். யார் கேட்டார்களோ அவர்களுக்கே சொல்வதுபோல அவர் சொல்வார். எனக்குத் தோன்றினால் நான் பூந்து பேசுவேன். தோன்றாவிட்டால் பேசமாட்டேன். சில வீடியோவில் சண்டை இருந்தது, பலவற்றில் இல்லை. ‘யோவ்’ தானாக வந்தால் வந்தது. கேட்டவர்களில் பலர் எங்களை மறந்துவிட்டிருந்தார்கள். சிலர் வேறு மிக்சியே வாங்கிவிட்டதாக எழுதினார்கள். சிலர் வந்தார்கள். ஜார் ஒழுகிய அம்மா பட்டாபிராமிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். இவ்வளவு நாளாக அடியில் கிண்ணம் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாராம்.

பழைய கூட்டம் திரும்பி வரவில்லை. இனி வரும் என்று தோன்றவும் இல்லை. மகள் போன் செய்யும்போதெல்லாம், “ஓரளவுக்கு போவுதாம்மா?” என்று கேட்கிறாள். ஓரளவுக்குப் போகிறது. கடையும் அப்படித்தான். நசரத்பேட்டைக்கு அடுத்த விசேஷத்துக்கு நாங்கள் போகவில்லை. மொய் மட்டும் அனுப்பினோம். களைப்பும் முழுக்கப் போய்விடவில்லை. தினமும் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. கண் எரிகிறது.

நேற்று யாரோ ஒரு பெண், தேங்காய்ச் சட்னி அரைத்தால் மட்டும் ஏன் மிக்சி சூடாகிறது என்று கேட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றாமல் அரைப்பதால் என்று அவர் சொல்ல, முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் தேங்காய் திப்பியாக நிற்கும் என்று நான் சொல்ல, பேச்சு எங்கேயோ போய்விட்டது. மிக்சி ஓட்டிக் காட்டக் கடையில் வைத்திருந்த தேங்காய்ப் பத்தைகளை எடுத்து அரைத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஜாரைக் கழுவிக்கொண்டு வந்தேன். மிக்சியைப் போட்டதும் கரண்டு போய்விட்டது. வரும்வரை இருவரும் ஆளுக்கு ஒரு பத்தையைக் கடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம்.